திருச்சியிலிருந்து ஆண்டு முழுவதும்: எந்தப் பருவத்தில் எங்கே போகலாம்?

திருச்சியில் குடியிருக்கிறோம், எழுபது வயதைக் கடந்த தாயாரும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள், ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு மலைக்குப் போய் நெரிசலில் நொந்து திரும்புவதே வழக்கமாகிவிட்டது, இதை விட்டு அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற இடமாகப் பார்த்து, வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ போய்வர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு. அதற்கு முதலில் பள்ளி நாட்காட்டியைச் சற்றே ஒதுக்கிவிட்டு மழையின் நாட்காட்டியைக் கையில் எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இரண்டு மழைக்காலங்கள். கேரளத்தில் வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை நம் சமவெளியில் அதிகம் பெய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆனால் மலையின் மறுபக்கத்திலும் உச்சியிலும் பெய்த அந்த மழையே குற்றாலத்துக்குச் சாரலாகவும் காவிரிக்கு வெள்ளமாகவும் நம்மிடம் வந்து சேர்கிறது. அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது; ஏரிகளும் கிழக்கு மலைகளின் ஓடைகளும் அதை நம்பி இருக்கின்றன. ஆகவே ஓரிடத்துக்குப் போகலாமா என்று முடிவு செய்யும்போது, அது எந்த மழைக்கு நிறையும் இடம், அந்த மழை ஓய்ந்து எத்தனை நாளாயிற்று என்ற இரண்டையும் கேட்டாலே போதும். கோடை விடுமுறை இந்த இரண்டு மழைக்கும் வெளியே விழுகிறது. பெரும்பாலான அருவிகள் வற்றி, காடுகள் காய்ந்து, குளிர்ச்சி என்ற ஒன்றுக்காக ஊர் முழுவதும் இரண்டு மலைகளை நோக்கி ஓடுவது அதனால்தான்.

கணக்கை ஆனி மாதத்திலிருந்து தொடங்குவது முறை. மேட்டூர் அணையில் நீர் இருப்பு போதுமானதாக உள்ள ஆண்டுகளில் பாசனத்துக்கு ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். திறந்த நீர் மூன்று நான்கு நாட்களில் கல்லணையை எட்டும். அதுவரை மணல்வெளியாகக் கிடந்த ஆற்றில் புதுநீர் நுரையும் சருகுமாகத் தவழ்ந்து வருவதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். முக்கொம்பு, கல்லணை இரண்டுமே உங்களுக்கு அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம்தான். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் முக்கொம்பு; ஆறு இரண்டாவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குப் பாடப் புத்தகத்து வரைபடம் அதன்பின் தனியாக விளங்க வேண்டியதில்லை. இந்த மாதங்களில் ஒரே தொல்லை காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைக் கரையில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். தையல் இலைகளும் காகிதத் தட்டுகளும் சோறு விழுவதற்கு முன்பே பறந்துவிடும்; இந்தப் பருவத்துக்கு எவர்சில்வர் தட்டுதான் சரி.

ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3 ஆம் தேதியில் வரும். ஆற்றங்கரையில் குடும்பத்தோடு அமர்ந்து சித்திரான்னம் உண்பது என்பதைத் தமிழர் ஒரு பண்டிகையாகவே வைத்துக்கொண்ட நாள் அது. காதோலை, கருகமணி, மஞ்சள், பழம் வைத்துப் படைத்து, பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, முளைப்பாரியை ஆற்றில் விட்டபின், புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம், தயிர்ச்சாதம் என்று ஒவ்வொரு தூக்குச்சட்டியாகத் திறப்பார்கள். தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகள் சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவதும் உண்டு. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் அன்று கால் வைக்க இடமிருக்காது. தாயாருக்கு அந்த நாள் மனத்துக்கு நெருக்கமானது என்றால், காலை ஏழு மணிக்கு முன்பே முசிறிப் பக்கமோ திருவையாற்றுப் பக்கமோ உள்ள சிறிய படித்துறை ஒன்றுக்கு அழைத்துச் சென்று, கூட்டம் சேர்வதற்குள் படையலை முடித்துவிடலாம். கைப்பிடிச் சுவர் உள்ள துறையாகப் பார்ப்பது நல்லது. பிள்ளைகளை இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் விட வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் ஆற்றுக்குள் எங்கே இருக்கின்றன என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்து கொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளுயரத்துக்கு இறங்கிவிடுவார்.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் குற்றாலம் போய்வாருங்கள். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையில் ஒரு திறப்பு இருப்பதால், பெரும்பாலான இடங்களில் தடைபடும் தென்மேற்குக் காற்று அங்கே இப்பக்கம் புகுந்து வருகிறது. பொதிகைச் சாரலும், வெயில் மறைந்து மறைந்து வருவதும், உடம்பை வருடும் ஈரக்காற்றும் சேர்ந்ததுதான் ‘சீசன்’. அருவியில் தண்ணீர் விழுவது மட்டும் சீசன் ஆகாது. பேரருவியில் தண்ணீர் மேலிருந்து நேரே தலையில் விழாமல், பாதியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக் குழியில் விழுந்து நிரம்பி வழிந்து வருவதால்தான் அதன் கீழ் மனிதர்கள் நின்று குளிக்க முடிகிறது. தாயாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உயரம் குறைந்த புலியருவி பொருத்தமானது. சனி, ஞாயிறு இரண்டையும் தவிர்த்துவிட்டுச் செவ்வாய், புதன் போன்ற நாளில், அதுவும் காலை ஆறு மணிக்கு அருவிக்கரையில் இருக்கும்படி திட்டமிட்டால், வரிசை இல்லாமல் குளிக்கலாம். திரும்பும்போது மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களை வாங்காமல் பிள்ளைகள் வண்டியில் ஏறமாட்டார்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் ஆகியவற்றுக்கு அருவிகளில் தடை உண்டு. என்னைக் கேட்டால் அதில் வருந்த ஒன்றுமில்லை. எண்ணெய் வழிந்த பாறையில் வழுக்கி விழாமல் இருப்பதற்கே அந்தத் தடை போதும்.

அருவியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக் கொண்டிருக்கும்போதே மலைக்கு மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அது சீசன்கூட அல்ல, கோடை மழை. நீரின் நிறம் தெளிவிலிருந்து செம்மண் கலங்கலாக மாறுவது, சருகும் சிறு குச்சிகளும் கூட்டமாக வந்து விழுவது, இரைச்சலின் தன்மை கனப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், யாரும் விசில் ஊதும்வரை காத்திராமல் கரையேறி, உயரமான இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். முந்நூறு கிலோமீட்டர் வந்துவிட்டோமே என்று காவலரிடம் மன்றாடுவது வீண். அந்த நாளில் தென்காசிக் கோயிலையும் சுற்றியுள்ள குளங்களையும் பார்த்துவிட்டு மறுநாள் காலை முயலலாம். பாபநாசத்துக்கு மேலுள்ள அகத்தியர் அருவியும் கையெட்டும் தொலைவில்தான் உள்ளது. தாமிரபரணிக்கு இரண்டு மழையும் துணை நிற்பதால் அந்த அருவி ஆண்டு முழுவதும் விழும். அது புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பொருட்களைப் பறித்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தொலைவில் எங்கும் போக வேண்டாம் என்பதே என் கருத்து. தீபாவளி விடுமுறையில் உதகைக்கு முன்பதிவு செய்துவிட்டு, மண் சரிந்து மலை ரயில் நின்ற செய்தியை மேட்டுப்பாளையத்தில் இருந்தபடி படிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். மழை இரண்டு நாள் விட்டால், ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு காலைப் பொழுதில் போய்வரலாம். செடிகள் தழைத்திருக்கும் இந்தச் சமயத்தில்தான் அந்தப் பூங்காவுக்கே உயிர் வரும். ஏதேனும் ஏரி நிரம்பிக் கலிங்கில் தண்ணீர் வழிகிறது என்று கேள்விப்பட்டால் அதையும் போய்ப் பார்க்கலாம். ஊரே அங்கே வேடிக்கை பார்க்க நிற்கும். கலிங்கின் மேல் நடப்பது மட்டும் கூடாது. பாசி பிடித்த கல்லில் கணுக்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்த்துவிடும். வேலியோரங்களில் செங்காந்தள் பூத்திருப்பதும் இந்த மாதங்களில்தான். அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதால் பிள்ளைகள் பார்த்து ரசிக்கலாம், பறிக்கவோ தோண்டவோ விடக்கூடாது.

உங்கள் ஊருக்கு ஆண்டின் சிறந்த பருவம் மார்கழி நடுவிலிருந்து மாசித் தொடக்கம்வரை. மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் நீர் இருக்கும், வெயில் பதமாக இருக்கும். கொல்லிமலையின் அடிவாரத்தில் துறையூர் வழியாகப் போகும் புளியஞ்சோலை, திருச்சியிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். மரநிழலில் பாறைகளுக்கு நடுவே ஓடும் அந்த ஓடை, வயதானவர்கள் காலை நனைத்தபடி உட்கார்ந்திருக்கவும் பிள்ளைகள் ஆழம் குறைந்த இடத்தில் விளையாடவும் ஏற்றது. ஆழமான மடுக்கள் எவை என்பதை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே இறங்க வேண்டும். மலைக்கு மேலே போக விரும்பினால் நாமக்கல் பக்கம் காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதியிலேயே வண்டியை நிறுத்த நேரிடும், ஆளுக்கொரு இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தாக இறங்கி, அத்தனையையும் திரும்ப ஏறியாக வேண்டும் என்பதால் தாயாருக்கு அது ஆகாது. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டியே அந்தப் படிகள் தொடங்குவதால், ஒருவர் அவரோடு கோயிலில் இருந்துகொண்டு மற்றவர்கள் போய்வரலாம்; அல்லது எல்லோருமாக மாசிலா அருவிக்குப் போகலாம், அங்கே படிகள் குறைவு.

ஆனால் இந்தப் பருவத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியைத்தான் சொல்வேன். திருச்சிக்காரர்கள் பலர் வேடந்தாங்கலுக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீட்டர் போவார்கள். ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் கரைவெட்டியைப் பார்த்திருக்கமாட்டார்கள். மேட்டூர் நீரும் வடகிழக்கு மழையும் சேர்ந்து நிரப்பும் இந்த ஏரி 2024 ஜனவரியில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நடு ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்து இங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது. வெளுத்த தலையின் பின்புறத்தில் இரண்டு கரிய பட்டைகள் குறுக்கே ஓடுவதை வைத்து அதைப் பிள்ளைகளே அடையாளம் கண்டுவிடலாம். இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுக் காலையில் கூட்டமாக ஏரிக்குத் திரும்பும் என்பதால், ஆறரை மணிக்குக் கரையில் நின்றால் பார்வைக்கு முன்பே குரல் வந்து சேரும். நத்தைகுத்தி நாரையை அருகில் பார்க்கக் கிடைத்தால் அதன் அலகைக் கவனிக்கச் சொல்லுங்கள். மேலலகும் கீழலகும் நுனியில் சேர்ந்திருக்க, நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி இருக்கும். வழுக்கும் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை எடுக்க அந்த அமைப்பு உதவுகிறது. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடைகளைத் தவிர்த்து, பேச்சைக் குறைத்து, எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி இரண்டு இருந்தால், பிள்ளைகளுக்குள் சண்டை வராது. கரை சமதளமாக இருப்பதால் தாயாருக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோனால் போதும்.

பொங்கலை ஒட்டிய காணும் பொங்கல் நாள் ஊர் கூடி வெளியே போவதற்கென்றே அமைந்தது. கொங்கு நாட்டில் அன்று பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஆவாரம்பூப் பறிக்கப் போவார்கள். நெல்லைப் பக்கம் தாமிரபரணிக் கரை முழுவதும் கட்டுச்சாதக் கூட்டமாக இருக்கும். முக்கொம்பும் கல்லணையும் அன்று திருவிழாவாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, கூட்டத்தை ஒரு மகிழ்ச்சியாக ஏற்கிற மனநிலையில் போவதானால் போகலாம். அமைதி வேண்டுமென்றால் அடுத்த வாரம் போங்கள். பனங்கிழங்கும் கரும்பும் அப்போதும் கிடைக்கும்.

மாசி பாதிக்கு மேல் மலைக்காட்டை மறந்துவிடலாம். புல் காய்ந்து, சருகு குவிந்து, ஒரு பொறி பட்டால் மலையே எரியும் காலம் அது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இந்தப் பருவத்தில்தான். இந்த வாரங்களில் கடல் பொருத்தமானது. 1620 இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கும் தரங்கம்பாடிக்கு விடியற்காலையில் கிளம்பிப் போய், வெயில் ஏறும்போது கோட்டைக்குள்ளும், மாலையில் கடற்காற்று வீசும்போது கரையிலுமாகப் பொழுதைப் போக்கிவிட்டு, இரவு தங்கி மறுநாள் திரும்பலாம்.

சித்திரை, வைகாசி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பதால் உதகைக்குப் போகத் தோன்றுவது இயல்பே. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டு, 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற வரம்பும் வந்துவிட்டதால், போவதாக இருந்தால் வார நாளாகப் பார்த்து முன்னரே பதிவு செய்ய வேண்டும். நெரிசல் குறைந்தபாடில்லை என்பதுதான் என் எண்ணம். இதற்கு மாற்றாக, சித்ரா பௌர்ணமி அன்று மாலை காவிரி மணலில் பாய் விரித்து நிலாச்சோறு உண்ணும் பழைய வழக்கத்தை மீட்டுக்கொள்ளலாம். பகலெல்லாம் கொதித்த மணல் இரவு எட்டு மணிக்குள் ஆறிவிடும், பிள்ளைகள் எவ்வளவு ஓடினாலும் அடிபடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். கட்டுச்சாதம் கெடாமல் இருப்பதற்குப் புளியும் நல்லெண்ணெயும் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். கெடுவதற்குப் பெரும்பாலும் ஆவிதான் காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூடாகவே டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி மூடியில் நீராகி மீண்டும் சோற்றில் சொட்டும். அந்த இடம்தான் முதலில் நசநசத்துப் புளிக்கும். புளிக்காய்ச்சலை முதல் நாள் இரவே எண்ணெய் பிரியக் காய்ச்சி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் உப்பும் தூவி, கை பொறுக்கும் சூடு போய் நன்றாக ஆறிய பின்பே கலந்து அடைக்க வேண்டும். தயிர்ச்சாதத்துக்குச் சோற்றைக் குழைய வடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி மசித்து, உறைக்கு ஊற்றும் அளவு தயிர் மட்டும் சேர்த்தால், ஆறு மணிக்குக் கட்டியது பன்னிரண்டு மணிக்கு வழியிலேயே உறைந்து இளம்புளிப்போடு இருக்கும். வீட்டிலேயே முழுத் தயிரையும் ஊற்றினால் சாப்பிடும் நேரத்தில் வாயில் வைக்க முடியாது. எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான் சேர வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். தேங்காய்ச்சாதத்தைத் தை மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் அது மதியம்வரை தாங்காது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி வழியில் காலை உணவுக்கு, உருளைக்கிழங்கு வறுவலும் மோர்மிளகாயும் நார்த்தங்காய் ஊறுகாயும் தொட்டுக்கொள்ள, குற்றாலத்துக்கும் மார்கழிக்கும் ஃபிளாஸ்க்கில் சுக்குமல்லி காபி, கோடைக்கு நீர்மோரும் வெள்ளரிப் பிஞ்சும் என்றால் குறையொன்றும் இருக்காது.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை இருக்கிறது. தண்ணீருக்கு ஐந்து லிட்டர் எவர்சில்வர் கேன் ஒன்றும் ஆளுக்கொரு தம்ளரும் வைத்துக்கொண்டால் எந்தச் சாவடியிலும் சிக்கல் இல்லை. குரங்குகள் உள்ள இடத்தில் சாப்பாட்டுப் பையைத் திறந்து வைப்பதும் அவற்றுக்கு ஊட்டுவதும் கூடாது. மடியில் இருப்பதைப் பறிக்கப் பழகிய குரங்கு வயதானவர்களையும் சிறு பிள்ளைகளையும்தான் முதலில் குறிவைக்கும். மலை ஓடைக் கரையாக இருந்தால் வண்டியை நிழலில் நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பரிமாறி, தட்டோடு வெளியே வருவது சில இடங்களில் நல்லது.

நீங்கள் கேட்ட கேள்விக்குள் தாயாரைப் பற்றிய கவலையும் இருப்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் பயணத்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்பதற்கு மேல் வைக்க வேண்டாம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக் கரையில் சில இடங்களில் அந்த வசதி ஒன்றுமே இருக்காது, முக்கொம்பில் உண்டு. பகல் உணவுக்குப் பின் அவர் அரை மணி நேரம் படுக்க ஒரு ஜமுக்காளமும் தலையணையும் வண்டியில் இருக்கட்டும். முதல் பயணத்தைக் கரைவெட்டியிலேயே தொடங்குவதாக இருந்தால் தை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஒரு வார நாளைத் தேர்ந்துகொண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு நாள் விடுப்புக் கேட்டுவிடுங்கள்.